குளியலறை மூலையும் பக்கத்து வீட்டுச் சுவரும்

எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையற்காரம்மாவின் வீடு. நந்திதுர்க்கில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் எல்லாமே அப்படித்தான், ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். ரவிக்கை தைத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு பட்டு ரவிக்கையோடு வந்து நின்றார். அதன் முதுகில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளிகள்.

"இன்னாம்மா, உங்க பாத்ரூம் தண்ணி என் செவுத்துல எறங்குது. கஸ்டமர் துணி பாழாப் போச்சு, பாரு."

"எங்க பாத்ரூமா? சான்ஸே இல்லக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி நானே சிலிகான் போட்டேன். உங்க கூரை ஷீட்டுதான் ஒழுகுது."

"மழை பேஞ்சு மூணு மாசம் ஆவுது. கூரை எப்படி ஒழுகும்?"

அவர் கேட்டது சரிதான் என்று எனக்கே பட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கண்ணுக்கே தெரியாத நரம்பையும் முதல் குத்திலேயே பிடித்துவிடுவேன். கண்ணாடித் தடுப்பும் சுவரும் தரையும் சேருகிற மூலையில் ஒரு வரி சிலிகான் பசை போடுவது எனக்கு ஒரு வேலையா? என் கை தப்பாது என்று அவரை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்தபோது அக்கா பின்வாசலில் ஒரு வாளியோடு காத்திருந்தார். வாளியில் மஞ்சள் கரைத்த தண்ணீர்.

"இத உங்க ஷவர் மூலையில ஊத்து. நான் போய் என் செவுத்தாண்ட நிக்கிறேன். ஒண்ணும் வரலன்னா நானே கூரைக்கு ஆள் கூப்புடுறேன்."

தைரியமாக ஊற்றினேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஈரக் கறையை மறைக்க, சுவரோரம் இருந்த துணி அலமாரியை நகர்த்திவிட்டு முந்தின நாள்தான் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். அந்த வெள்ளையில், சுவர் அடியோரம் ஒரு முழ நீளத்துக்குச் சிவந்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என் செவுத்துக்கு ஆரத்தி எடுத்துட்டே," என்றார். சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் அவமானமும் ஒன்றாக வந்தன.

என் கணவர் மூன்று பிளம்பர்களுக்குப் போன் செய்தார். மூன்று பேருமே பெங்களூரில் கட்டட சைட்டில் இருந்தார்கள். பண்டிகைக்குத்தான் வருவார்களாம்.

"நானே போடுறேன்," என்றேன்.

"போன தடவையும் நீதான் போட்ட."

கத்தி முனையால் மூலையைக் கிளப்பினேன். நான் போட்ட சிலிகான் பாம்புச் சட்டை மாதிரி முழு நீளத்துக்கு உரிந்து கையோடு வந்தது. அடியில் குளியலறை கட்டிய மேஸ்திரி முன்பு போட்ட பசை, கறுத்து, இற்றுப்போய், விரலை விட்டால் போகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் கிடந்தது. பழையதை எடுக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறேன். எட்டிப் பார்த்த அக்கா, "பழைய தையலப் பிரிக்காம மேலயே தச்சிருக்க," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை முழுக்க மூலையிலேயே உட்கார்ந்து பழையதை அறுத்தெடுத்தேன். பிளேடைத் தரை ஓட்டின்மேல் படுக்கவைத்துச் சுரண்ட வேண்டும், நிமிர்த்தினால் ஓட்டில் கீறல் விழும். இனி உள்ளே இருக்கிற ஈரம் காய வேண்டும். அதுவரை குளிக்க இடமில்லை.

"இன்னா யோசன? எங்க வூட்டுக்கு வாங்க ரெண்டு பேரும்," என்றார் அக்கா.

மறுநாள் விடிகாலையில் ரயிலுக்கு முன்னால் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். யாருடைய சுவரை ரெண்டு வருஷமாக நனைத்தேனோ அந்த வீட்டுக்கே குளிக்கப் போகிறோமே என்று கால் கூசியது. அவர் வெந்நீர் விளாவி வைத்திருந்தார். "சீக்கிரம் குளி, உன் வூட்டுக்காரரும் வரணும்," என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை லீவு போட்டேன். மூலை சருகு மாதிரி காய்ந்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் மூன்று முறை துடைத்தேன், கடைசிப் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பசை வரவேண்டிய கோட்டுக்கு இரு பக்கமும் காகித டேப் ஒட்டினேன். சிலிகான் டியூபின் மூக்கைச் சாய்வாக வெட்டி, பசை பிதுக்கும் துப்பாக்கியில் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் மூலை முழுவதும் ஓட்டினேன். பசையின் வினிகர் வாசனை மூக்கில் ஏறியது. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே ஒரு முறை வழித்துவிட்டு, பசை இறுகுவதற்குள் டேப்பை உரித்தேன். கோடு வளையாமல், பிசிறில்லாமல் இருந்தது. இந்த முறை நன்றாக வந்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

டியூபில் ஒரு நாள் காயவிடச் சொல்லியிருந்தது. நான் இரண்டு நாள் விட்டேன். வெள்ளிக்கிழமை என் கணவர் ஷவரைத் திறந்து கால் மணி நேரம் ஓடவிட்டார். நான் அக்கா வீட்டில் சுவரோரம் குந்தியிருந்தேன். அவர் தையலை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவரும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"அக்கா, அன்னிக்கி கூரைன்னு சொன்னேனே, அது தப்பு. உங்கள நம்பியிருக்கணும்."

"சரி வுடு. அந்த ரவிக்கைக்காரிக்கு நீயும் வந்து ஒரு வார்த்த சொல்லு, அது போதும்."

அன்று மாலையே இருவரும் மாரிகுப்பத்தில் அவள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண்ணிடம் நடந்ததை நானே சொன்னேன். முகத்தைச் சுளித்தவள், பிறகு வேறு துணி எடுத்து வந்து அக்காவிடமே தைக்கக் கொடுத்தாள். சுவர் நன்றாகக் காய மேலும் மூன்று வாரம் ஆனது. துணி அலமாரியை மறுபடியும் அங்கே நகர்த்தும்போது ஒரு முனையை அக்கா பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.