நூல் நுனி

அம்மாவும் நானும் பிளாட் புஷ் என்ற வெளிநாட்டுப் புறநகரில் குடிவந்த கிழமை, பக்கத்து வீட்டு ஆர்மீனியப் பெண் அனஹித் தன் கையால் செய்த வெள்ளை மேசைவிரிப்பொன்றைப் பரிசாகத் தந்தார். வெறும் தையல் ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போட்ட பூக்கள்.

"ஒரு நூல் அறுந்தாலும் மற்றது அவிழாது. எங்கள் ஊர் வேலை அப்படி," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு எங்கள் பழைய வானொலியின் உறை ஞாபகம் வந்தது. அம்மா கொக்கி ஊசியால் பூப்பூவாகப் பின்னியது. சண்டையில் இடம்பெயர்ந்தபோது வானொலியை விட்டுவிட்டு உறையை மட்டும் உடுப்பு மூட்டைக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தார். வெண்கட்டி மணக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தோம். என் ஒரே சட்டை தோளில் கிழிந்த அன்று எந்தக் கடையிலும் நூல் இல்லை. அம்மா உறையின் நூல் நுனியைத் தேடி இழுத்தார். ஒரு பூ சத்தமில்லாமல் நூலாகியது.

"எவ்வளவு நாள் இருந்து பின்னினது. ஏன் அவிழ்க்கிறீர்?" என்றார் அப்பா.

"அவிழுறபடியாத்தானே பிள்ளையின்ர சட்டையைத் தைக்கலாம்," என்றார் அம்மா.

ஊர் திரும்பியபோது ஒரு பூவும் மிஞ்சியிருக்கவில்லை.

அனஹித் போனபின் அம்மா விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்கள் நுனியைத் தேடின. அகப்படவில்லை.

"நல்ல வேலை, பிள்ளை," என்றார். "ஆனா ஒரு அந்தரம் ஆபத்துக்கு உதவாது."