மன்றாட்டுமாலை மெட்டில் போன கட்டளை

1. மைக்கில் கை வைக்காதே

துறைமுக வாயைப் பார்த்தபடி இருக்கும் குன்றின் மேல்தான் எங்கள் வயர்லெஸ் அறை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பொறுப்பாளர் லோறன்ஸ் சேர் சட்டம் போட்டுவிட்டார்.

"தம்பி, நீர் லொக் புத்தகம் எழுதும், றேடாரைப் பாரும். மைக்கில மட்டும் கை வைக்காதையும்."

காரணம் என் திக்குவாய். பெயரைச் சொல்லி முடிக்கவே எனக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் பிடிக்கும். அதை எடுத்துவிடும்படி சின்ன வயதிலிருந்தே செபித்தேன். ஆண்டவர் காதில் வாங்கவே இல்லை என்று அவரோடு கோபமும் இருந்தது. பதினொரு வருடம் மைக்கைத் தொடாமலே சம்பளம் வாங்கினேன்.

2. "லைன் வெட்டுப்படுது!"

ஒரு மாரிகாலப் பிற்பகல். மைக் பிடிக்கும் மகேந்திரன் அண்ணன் காய்ச்சலோடு வீட்டுக்குப் போய்விட்டார். மாற்று ஆள் வரும் வழியில் மரம் விழுந்து கிடந்தது. வெளியே கடலே தெரியாத மழை. அப்போதுதான் துறைமுகத்தைக் கூப்பிடும் ஒரு படகின் குரலில் வயர்லெஸ் அலறியது.

"ஹாபர், ஹாபர்! கிண்ணியா போட், நிஸ்தார் கதைக்கிறன். ஜீபிஎஸ் செத்துப் போச்சு. கொம்பாஸ் மட்டும்தான் இருக்கு. மூண்டு பேர் இருக்கிறம். எந்தப் பக்கம் போறது?"

றேடாரைப் பார்த்தேன். படகின் ஒற்றைப் புள்ளி நேரே துறைமுக வாயிலுள்ள பாறைகளை நோக்கி வந்துகொண்டிருந்தது! வீட்டிலிருந்த லோறன்ஸ் சேருக்குப் போன் அடித்தேன்.

"சே... சேர், எனக்குக் க... கதைக்க ஏலாது."

"தெரியுமடா. ஆனா அங்க வேற ஆரும் இல்லையே. கதை!"

மைக்கை எடுத்தேன். "வ... வ... வ..."

"ஹாபர், லைன் வெட்டுப்படுது! ஒண்டும் விளங்கேல்ல!"

லைனில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் வாயில்தான். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஆண்டவரே, இந்த வாயை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று மனதுக்குள் கத்தினேன்.

அடுத்த நொடி ஒரு யோசனை. பாலையூற்று மாதா கோயிலில் சனிக்கிழமைதோறும் மன்றாட்டுமாலைச் செபத்தை முன்னின்று பாடுகிறவன் நான். அதில் ஒரு சொல்கூட எனக்குத் திக்கியதில்லை. அந்த யோசனை என்னுடையதல்ல என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

கண்ணை றேடாரில் வைத்துக்கொண்டு, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் 'நானா'வையும் சேர்த்து, அதே மெட்டில் இழுத்துப் பாடினேன்.

"வலப்பக்கம் பத்து டிகிரி திருப்புங்கோ நானா..."

வயர்லெஸ் கரகரத்தது.

"ஆரது? ஹாபரில ஆர் பாட்டுப் படிக்கிறது?"

"பாறை முன்னால இருக்குது, திருப்புங்கோ நானா..."

"ஓம், ஓம்! வலம் பத்து!"

கோயிலில் நான் ஒரு வரி பாட, சனம் பதில் பாடும். இங்கே நான் பாட, நிஸ்தார் நானா அதைத் திருப்பிச் சொன்னார். சத்தியமாக, நாலாவது கட்டளைக்கு அவரும் ராகம் இழுக்கத் தொடங்கிவிட்டார்! பின்னால் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. புள்ளி பாறையை உரசுவதுபோல் வந்து, விலகி, துறைமுக வாய்க்குள் நுழைந்தது. துள்ளிக் குதித்ததில் கதிரையைத் தட்டி விழுத்திவிட்டேன்.

3. பிறகு

மாலையில் நிஸ்தார் நானா இடுப்பில் நனைந்த சாரத்தோடு குன்றேறி வந்தார். "பாட்டுப் படிச்ச ஆள் ஆர்?"

"நா... நா... நா..."

அவர் அவசரப்படுத்தவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.

மறுநாள் லோறன்ஸ் சேர் மைக்கைத் தூக்கி என் மேசையில் வைத்தார். ஓய்வு பெறும்வரை அது அங்கேதான் இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். குறை தீரட்டும், பிறகு ஆண்டவருக்கு உதவுவோம் என்று காத்திருக்காதீர்கள். அவர் காத்திருப்பதில்லை. எனக்கு இன்றைக்கும் திக்கும். அதை எடுத்துவிடும்படி கேட்பதைத்தான் அன்றோடு விட்டுவிட்டேன்.