வெட்டி வைத்த மூச்சுகள்

"அஞ்சு மணிக்கு மாஸ்டர் போயாகணும், கையெழுத்தைப் போடு..."

"போட மாட்டேன்னு எத்தனை தடவை..."

"போடுக்கா, உயிரை வாங்காத..."

"யாரு யாரோட உயிரை வாங்கினது? அதைச் சொல்லு முதல்ல!"

"கத்தாத. வெளிய கேக்கும்."

"இந்த ரூம்ல வெடி வெச்சாக்கூட வெளிய கேக்காது. பார்த்துப் பார்த்து நீ கட்டினதுதானே?"

இது கட்டுக்கதை இல்லை. பேய் என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆரம்பித்து. ஏசி ஓடிக்கொண்டிருந்த, ஜன்னலே இல்லாத ஓர் ஒலிப்பதிவு அறையில். அனுபவித்தவள் இன்னும் திடமாக இருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவள் தொழில், பதிவான பாட்டை வெட்டி ஒட்டுவது. இருமல், நாற்காலி முனகல், காகிதம் புரளும் சத்தம் எதுவானாலும் தழும்பு தெரியாமல் எடுத்துவிடுவாள். அதனால் கத்திரி அக்கா. அது தேய்ந்து 'கத்திரிக்கா' ஆயிற்று. அவளுக்கு வருத்தமில்லை. "காம்புல முள்ளும் இருக்கு, பார்த்துத் தொடுங்க" என்பாள்.

எதிரே நின்று கத்தியவன் அவள் கூடப்பிறந்த தம்பி. நாற்பது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவின் கண்டக்டர். உறவுக்காரர்களில் பாதிப் பேர் பல வருடம் அவன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறான் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முந்நூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த பரோக் என்ற பழைய ஐரோப்பிய இசைவகையின் இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய வாத்திய இசை, குரலிசை எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்பது தம்பியின் பிடிவாதம். பதினைந்து வருடம் ஆனது. தனித்தனியாக வந்த பதினெட்டு இசைத்தட்டுகளும் இப்போது ஒரே பெட்டியாக வெளிவர இருந்தன. தட்டு அடிக்க அனுப்பும் மூலப்பிரதிதான் மாஸ்டர்; அதற்கு அவள் கையெழுத்து வேண்டும். சண்டை, ஏழாவது தட்டுக்கு.

ஏழாவது தட்டில் ஆறு பாட்டு. ஆறும் ஒரே பெண் பாடியவை. மைக் ஸ்டாண்டைவிடக் குட்டையாக இருப்பாள். குழுவில் எல்லோருக்கும் 'பொடிசு'. பன்னிரண்டு வருடத்துக்கு முன், அந்தத் தட்டின் கடைசிப் பதிவு நாளன்று இறந்துபோனாள். இருபத்தொன்பது வயது.

அவளுக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, உண்டு. அந்த வாரம் அது முற்றியிருந்தது. ஒரு நாள் விடுப்புக் கேட்டாள். தம்பி கொடுக்கவில்லை. வாத்தியங்களை முன்பே பதிவு செய்தாயிற்று. கடைசி நாள் ஹாலில் அவளும் அவனும் மட்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் பாட, அவனே மெஷினை ஓட்டினான். ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் ரம்பம் அறுப்பதுபோல ஒரு மூச்சு. "அதையெல்லாம் எடுத்துடுக்கா" என்று இரண்டு வாரம் கழித்துப் பதிவுகளைக் கொண்டுவந்து கொடுத்தான்.

கத்திரிக்காவும் எடுத்தாள். இருநூற்றுப் பதினான்கு மூச்சுகள்.

வெட்டியதை அவள் தூக்கிப் போடுவதில்லை. அது அவள் வழக்கம். கம்ப்யூட்டரில் 'குப்பை' என்று ஒரு ஃபோல்டர் போட்டுச் சேர்த்து வைத்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தின் அச்சு நகல் வந்தது. ஏழாவது தட்டைப் பற்றித் தம்பி எழுதியிருந்தான்: 'மூச்சு விடும் சத்தமே கேட்காத குரல். அது என் பயிற்சி.'

பன்னிரண்டு வருடம் மூடியிருந்த கத்திரிக்காவின் வாய் திறந்துகொண்டது.

"என் பயிற்சியா? அது என் கத்திரிடா! அவ மூச்சு முட்டி முட்டிப் பாடினா. நான் உக்காந்து ஒவ்வொண்ணா அறுத்தேன்."

"கேக்கறவனுக்கு சங்கீதம் வேணும்க்கா. இழுப்பு வேணாம்."

"ஒரு நாள் லீவு கேட்டாளே, குடுத்தியா?"

"விட்டா ஹால் மூணு மாசத்துக்குக் கிடைக்காது."

"இப்ப நிரந்தரமா லீவு குடுத்துட்டே. சந்தோஷமா?"

தம்பி சோபாவில் போய் உட்கார்ந்தான். முகம் கறுத்திருந்தது.

"திருப்பி வெக்கப் போறேன்," என்றாள். "எல்லா மூச்சையும்."

"வெச்சுப் பாரு. நாளையிலேருந்து இந்த வாசல்ல காலை வெக்க முடியாது."

"வெச்சுட்டே போறேன்."

மணி 2.11. குப்பை ஃபோல்டரைத் திறந்தாள். மூலையில் எண்ணிக்கை: 214. முதல் மூச்சை நகலெடுத்து, முதல் பாட்டின் முதல் வரி முடியும் இடத்தில் பொருத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். வயலின்கள். அடியில் செல்லோ. பிறகு பொடிசின் குரல், நூல் பிடித்தாற்போல. வரி முடிந்தது. மூச்சு வந்தது.

2.14. நிறுத்தும் பட்டனை அழுத்தினாள்.

வயலின் நின்றது. செல்லோ நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா மூச்சு விடேன்டா. காதுக்குள்ள ஊதற மாதிரி இருக்கு."

"நானா? நான் கோவத்துல மூச்சைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

திரும்பிப் பார்த்தாள். சோபா நாலடி தள்ளி இருந்தது. அவன் வாய் மூடியிருந்தது. மூச்சு அவள் இடது காதருகே கேட்டது. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

அப்போதும் கேட்டது.

ஒரு இழுப்பு. உள்ளே சின்ன விசில். ஒரு இடைவெளி... மறுபடி இழுப்பு.

திரையில் ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடுகள் அசையாமல் கிடந்தன. ஃபோல்டரின் எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தது. 209.

அவள் வைத்தது நகல். மூலம் குறையக் கூடாது. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஒரு இழுப்பு. 208. இன்னொரு இழுப்பு. 207.

"டேய்... நீ எதையாவது தொட்டியா?"

"இங்க சோபால உக்காந்துக்கிட்டு எதைத் தொடறது?"

"உனக்குக் கேக்குதா, கேக்கலையா?"

கேட்கிறது என்று அவன் கழுத்து நரம்பு சொன்னது.

2.19. அறைக்கும் பதிவு ஹாலுக்கும் நடுவே பெரிய கண்ணாடி. ஹாலில் விளக்கில்லை. கதவு பூட்டியிருந்தது, சாவி தம்பியிடம். காலையில் அவள் பார்த்தபோது மைக் ஸ்டாண்டுகள் எல்லாம் மடக்கி ஒரு மூலையில் சாத்தப்பட்டிருந்தன.

இப்போது ஒன்று நடு ஹாலில் நின்றது.

மிகவும் தாழ இறக்கி.

"அதை யாரு அங்க வெச்சது?" தம்பி எழுந்துவிட்டான். குரலில் இன்னும் அதிகாரம் இருந்தது. மேஜைக்கு வந்து, ஹாலில் இருப்பவர்களோடு பேசும் பட்டனை அழுத்தினான். "யாரு உள்ள? வெளிய வா!"

ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. பிறகு பதில் வந்தது.

"இன்னொரு தடவை."

தம்பி கையை வெடுக்கென்று எடுத்தான். அது அவன் குரல். பாடுகிறவர்களைத் திரும்பத் திரும்பப் பாட வைக்கும்போது அவன் பேசும் குரல். மெத்தென்று, ஊசியை உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி.

"நான் சொல்லல."

"உன் குரல்டா."

"நான் சொல்லலக்கா!"

"இன்னொரு தடவை."

163. 150. 131.

2.24. மூச்சு வேகமெடுத்தது. இடது காதருகே இல்லை. சோபாப் பக்கம் போயிருந்தது. தம்பி சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். அடுத்ததையும் கழற்றினான். வாயைத் திறந்தான். மார்பு ஏறவில்லை. தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாய் மட்டும் அசைந்தது.

"டேய்!"

கையை ஆட்டினான். உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை," என்றது ஸ்பீக்கர்.

88. 70. 52.

இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. என்ன கோபமிருந்தாலும் கை தானாகப் போயிற்று. அக்குளில் கையைக் கொடுத்து, கதவை முழங்காலால் தள்ளி, அவனை வராந்தாவில் போட்டாள். வெளியே விழுந்ததும் அவனுக்குக் காற்று கிடைத்தது. நாலு காலில் தவழ்ந்து, எழுந்து, படியில் இறங்கி ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா பின்னால் வருகிறாளா என்றும் பார்க்கவில்லை.

அவளும் ஓடியிருக்கலாம்.

19.

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவன் மேல மட்டும் என்ன கோவம்?" என்றாள். "அவன் வாயால சொன்னான். கையால அறுத்தது நான். மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு அறுத்தேன். வா. என் பக்கமும் வா."

மூச்சு அருகே வந்தது.

12.

கன்னத்தில் பட்டது.

7.

சூடாக இல்லை...

3.

"எடுத்துக்கோடி," என்றாள். "எல்லாம் உன்னுதுதான்."

2.

1.

2.33. ஃபோல்டர் காலி.

சத்தமில்லை. ஏசி சத்தம்கூட இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். ஸ்டாண்டுகள் மூலையில் மடங்கிக் கிடந்தன. ஏழாவது தட்டை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள். அவள் பொருத்தியது ஒரே ஒரு மூச்சு. ஆனால் இரண்டாம் வரியிலும் மூச்சு இருந்தது. மூன்றாவதிலும். இரண்டாம் பாட்டில், மூன்றில், நான்கில், ஐந்தில். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். தையல் தெரியவில்லை. அவளால்கூட அவ்வளவு சுத்தமாக ஒட்ட முடியாது.

ஆறாவது பாட்டில் மட்டும் இல்லை. நாலு நிமிடம் பதினோரு நொடி. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு மூச்சுகூட இல்லை. அந்தப் பாட்டு அவளிடம் வந்ததே அப்படித்தான். அதில் அவள் எதையும் வெட்டவில்லை. தம்பி வேறு யாரிடமோ கொடுத்துச் சுத்தம் செய்திருக்கிறான் என்று அப்போது நினைத்து, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

4.50-க்குக் கையெழுத்துப் போட்டாள். மூச்சுகளோடு மாஸ்டர் போயிற்று. தடுக்கத் தம்பி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பொடிசின் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருன்னு சொல்ல மாட்டேன். என்ன வேணும்?"

"உங்க பொண்ணோட மூச்சையெல்லாம் வெட்டினது நான்தாம்மா."

"பன்னெண்டு வருஷம் ஆச்சா, இதைச் சொல்ல?" அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அறைந்தது. "அந்தத் தட்டை ஒரே ஒரு தடவை போட்டேன். யாரோ பொம்மை பாடற மாதிரி இருந்துச்சு, அணைச்சிட்டேன். எம் பொண்ணுக்குப் பொறந்ததுலேருந்து இழுப்பு. பக்கத்துல அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அதைப் போயி குப்பைன்னு வாரிப் போட்டீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா?"

கத்திரிக்கா தட்டை நீட்டினாள். "இதுல இருக்கும்மா. எல்லாம் இருக்கு."

தட்டை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் வழிவிட்டாள். தட்டு ஓடியது. முதல் மூச்சு வந்தபோது நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐந்து பாட்டும் கண்ணை மூடியபடி கேட்டாள். ஐந்தாவது முடிந்ததும் எழுந்து போய் நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கேம்மா..."

"அது வேணாம். அது அவ பாடினது இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"அஞ்சு முடிச்சு, ஆறாவதுக்கு வாயைத் திறக்கும்போதே விழுந்துட்டா. மூணு இருபத்தஞ்சுக்கு ஆம்புலன்ஸ் எடுத்தாங்க. வழியிலேயே போயிட்டா. உன் தம்பியும் வண்டியிலதான் கூட வந்தான். நடுராத்திரி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னான், நடந்ததை என்கிட்ட அவன்தான் சொன்னான். அந்த ஒண்ணுக்காக மட்டும் அவனை நான் திட்டறதில்ல."

எல்லாப் பாட்டையும் பாடி முடித்த பிறகுதான் மயங்கினாள் என்று தம்பி மற்ற எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

கத்திரிக்கா நேரே ஒலிப்பதிவு அறைக்கு வந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தம்பி கொண்டுவந்து கொடுத்த ஆறாவது பாட்டின் மூலக் கோப்பைத் தேடி எடுத்தாள். பதிவான நாளையும் நேரத்தையும் மெஷின் தானாகவே அதில் குறித்து வைக்கும். கைவைக்க முடியாது. இத்தனை நாள் அவள் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை வரவில்லை.

அதே நாள். மாலை 4.10.

தம்பியின் எண்ணை அழுத்தினாள். பதினொரு முறை அடித்த பிறகு எடுத்தான்.

"மூணு இருபத்தஞ்சுக்கு அவளும் வண்டியில, நீயும் வண்டியில," என்றாள். "ஹாலைப் பூட்டின சாவி உன் பாக்கெட்ல. நாலு பத்துக்கு அங்க பாடினது யாருன்னு நான் உன்னைக் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அந்தப் பாட்டை எடுத்துத் தட்டுல போடறதுக்கு முன்னாடி, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"