சைலன்சருக்குக் கட்டுப் போட்டவர்

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக மாவுக்கட்டுப் போட்டுவந்தவர் அவர். கட்டுக்காரர் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும், மூன்றாம் மாடியில் கோப்பு அடுக்குபவருக்கும் தெரியும். டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். அதற்கப்புறம் நோயாளியும் கட்டுக்காரரும் மட்டும்தான். துணியை நனைப்பார், பிழிவார், ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடுகிற மாதிரி சுற்றிக்கொண்டே போவார், உள்ளங்கையால் தடவி வழவழவென்று ஆக்குவார். முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, கட்டின் மேலேயே தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அவர் போட்ட கட்டு நழுவியது, இறுகியது என்று ஒரு புகார் வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைத்தும் வைக்கவில்லை.

புகார் என்பது அவர் மனைவியின் துறை. குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசிப் புகார்களைக் கேட்டு எழுதும் வேலை. ஊரார் திட்டுவதை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவுக்குக் கோபம் என்கிற சரக்கே தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் குறை சொல்வதானாலும் அலுவலகக் குரலில்தான் சொல்வார்.

"என்னங்க, உங்க கார் சம்பந்தமா ஒரு புகார். என் காலுக்கு அடியில சுடுது. இது மூணாவது தடவை."

கார் இருவருக்கும் பொதுதான். புகார் வரும்போது மட்டும் அது 'உங்க கார்'. பதினான்கு வயதான வண்டி. முன்பு வைத்திருந்தவர் வேகப் பைத்தியம் பிடித்து, தடிமனான சைலன்சர் குழாய் ஒன்றை மாட்டிவைத்திருந்தார். அது மனைவி உட்காரும் இருக்கைக்கு நேர் கீழே, தரையை உரசாத குறையாகப் போனது. அரைமணி நேரம் ஓட்டினால் தரை இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது புகாரையும் கட்டுக்காரர் தள்ளிப்போட்டார். நான்காவது புகார் வாயால் வரவில்லை. மனைவியின் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போய் மண்டப வாசலில் இறங்கியபோது, மனைவி இறங்கினார், அவருடைய இடது செருப்பு இறங்கவில்லை. அடிப்பாகம் உருகி விரிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டுக்காரரும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் விரிப்பு கையோடு வந்தது, செருப்பு அதிலேயே இருந்தது. கால்மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு மனைவி வெறுங்காலோடு உள்ளே போனார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கட்டுக்காரருக்கு உறைத்தது.

மறுநாளே மெக்கானிக்கிடம் ஓடினார். எதற்கெடுத்தாலும் "ரைட்டு" என்பதால் அந்த மெக்கானிக்குக்கு ரைட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. ரைட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சுருள் துணியை எடுத்து வந்தான்.

"ரைட்டு. இது கண்ணாடி நார்ல நெய்த துணி அண்ணே. தண்ணியில ஊறவச்சுக் குழாய் மேல சுத்திட்டா சூடு வெளிய வராது."

கட்டுக்காரர் துணியைக் கையில் வாங்கினார். மூன்று விரல் அகலம், சொரசொரப்பு, நல்ல கனம். அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆனாலும் ரைட்டுதான் மெக்கானிக் என்ற மரியாதைக்காகப் பேசாமல் நின்றார். நாலாவது சுற்றில் மரியாதை தீர்ந்துபோனது.

"நிறுத்து தம்பி! என்ன சுத்து இது, மூட்டைக்குக் கயிறு சுத்துற மாதிரி?"

"சைலன்சர்தானே அண்ணே."

"ஒரு இடத்துல மூணு மடிப்பு, ஒரு இடத்துல ஒண்ணுமே இல்ல. இதைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் எப்படி நடப்பான்? நகரு."

குழாயை முழுசாகக் கழற்றி இரண்டு ஸ்டூல்களின் மேல் படுக்கவைக்கச் சொன்னார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அப்புறம் தயங்கினார்.

"விரல்ல ஆரம்பிச்சு மேல போகணும். இதுல விரல் எது?"

ரைட்டு யோசித்தான். "புகை வர்ற பக்கம் விரல்னு வச்சுக்கலாம் அண்ணே. இன்ஜின் பக்கம் தொடை."

"அப்போ இந்த டப்பா?"

"கெண்டைக்கால். கொஞ்சம் வீங்கியிருக்கு."

மூன்று மணி நேரம் ஆயிற்று. நேரான இடத்தில் பாதிக்குப் பாதி, வளைவில் எட்டுப் போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றினார். எஃகுப் பட்டைகளால் இறுக்கியபோது, அதிகம் இறுகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தார். கடைசியில் நீலப் பேனாவால் தேதி எழுதிக் கையெழுத்திட்டார். ரைட்டு ஏதோ கேட்க வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "ரைட்டு" என்று மட்டும் சொன்னான்.

புதுத் துணி முதல் தடவை சூடாகும்போது புகையும் என்று அவன் எச்சரித்துத்தான் அனுப்பினான். கட்டுக்காரர் அதை மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார். மாலையில் இருவரும் கடைவீதிக்குப் போனார்கள். சிக்னலில் நின்றபோது வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பி, முன்னால் நின்ற பேருந்தே தெரியாமல் போனது. ஓரத்துப் பழக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு பாய்ந்து வந்தார். கட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு குறுக்கே விழுந்தார்.

"ஊத்தாதீங்க! முதல் நாள் கட்டு நனையக் கூடாது!"

"யாருக்குங்க கட்டு?"

"வண்டிக்கு!"

பழக்கடைக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். புகைக்குள்ளிருந்து அலுவலகக் குரல் வந்தது: "ஆமாங்க, வண்டிக்குத்தான். இன்னிக்குக் காலையிலதான் போட்டது."

அந்தக் குரலுக்கு எதையும் நம்பவைக்கும் சக்தி இருந்தது. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அக்கறையாகக் கேட்டார்: "எப்படி அடிபட்டுச்சு?"

ஆனால் வேலை பலித்துவிட்டது. தரை சுடவில்லை. மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, "புகார் தீர்ந்தது" என்றார். கட்டுக்காரருக்குத்தான் இரண்டு நாள் தீரவில்லை. கண்ணாடி நார் கையெல்லாம் ஏறி அரிப்புத் தாங்கவில்லை. கட்டுக்குள் அரிக்கிறது என்று அழுத எத்தனையோ பேரிடம் "சொறியக் கூடாது, பொறுத்துக்கோங்க" என்று கண்டிப்பாகச் சொன்னவர், வார்டில் சுவரில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கால் உடைந்து படுத்திருந்த ஒரு பேராசிரியர், போர்வைக்கடியில் ஒளித்துவைத்திருந்த ஸ்கேலை எடுத்து நீட்டினார். கட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டார்.

ரைட்டின் பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தக் கட்டைக் குனிந்து பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குத் தங்கள் வண்டியும் சுடுவதாகத் தோன்றியது. விடுமுறை நாட்களில் பட்டறை வாசலில் வரிசை நின்றது. எலும்பு டாக்டரே காரை அனுப்பிவைத்தார். பழக்கதோஷத்தில் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்: 'வலது பக்கம், முழு நீளம்.' கட்டுக்காரர் ஒரு நோட்டுப் போட்டு, வண்டி எண், வயது, உபாதை எப்போதிலிருந்து என்றெல்லாம் எழுதிக்கொண்டார். "மேடு ஏறும்போது அதிகமா இருக்கா?" என்று கேட்பார். "ஆமாங்க" என்பார்கள். ஒரு வருடத்தில் பத்தொன்பது வண்டிகள்.

அந்த வருட மழை முடிந்து, அவருடைய காருக்குத் தகுதிச் சான்று வாங்கும் நாள் வந்தது. வாகன ஆய்வாளர் குழிக்குள் இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

"கட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள குழாய் எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பிரிச்சுக் காட்டுங்க."

"பிரிச்சா திரும்ப இதே மாதிரி வராதுங்க."

"அப்போ சான்று வராது."

கட்டுக்காரர் விடவில்லை. "எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தா பார்ப்பீங்களா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, ஆய்வாளர் தலையாட்டிவிட்டார்.

டாக்டர் தன் காருக்கும் கட்டுப் போட்டவர் ஆயிற்றே என்று அனுமதி கொடுத்தார். குழாயைக் கழற்றி, ஸ்ட்ரெச்சரில் வைத்து, எண்ணெய்க் கறை யார் மேலும் படாமலிருக்க வெள்ளைத் துணியால் போர்த்தினார்கள். முன்னால் கட்டுக்காரர், பின்னால் ரைட்டு. நடைபாதையில் காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு அம்மா துணிக்கடியில் தெரிந்த உருவத்தைப் பார்த்துக் கண்கலங்கினார். "ஐயோ பாவம், எவ்வளவு ஒல்லியா ஆயிட்டார்!"

எக்ஸ்ரே எடுப்பவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வழக்கம்போல, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றார். குழாய் எப்படியும் பிடிக்கப்போவதில்லை. கதவுக்கு வெளியே ரைட்டு பிடித்துக்கொண்டான்.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, வெகுநேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் பலகைக்கு முன்னால் கட்டுக்காரர் நோயாளியின் உறவினராக நின்றதில்லை.

"இந்த வளைவைப் பாருங்க" என்றார் டாக்டர், மெதுவாக. "இங்க எலும்பே இல்ல. கட்டுதான் நிக்குது. உள்ள ஆள் இல்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கட்டுக்காரர் ரைட்டிடம் கேட்டார்: "இது எப்படி ஆச்சு தம்பி?"

"மழைத் தண்ணி துணியில ஊறி நின்னுடும் அண்ணே. இரும்புக் குழாய்னா துரு தின்னுடும். எவர்சில்வர் குழாய்னா தாங்கும்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

ரைட்டு தரையைப் பார்த்தான். "லேசா தெரியும். நீங்க அவ்வளவு ஆசையா சுத்தினீங்க. எப்படிச் சொல்றது?"

கட்டுக்காரர் அவனைத் திட்டவில்லை. கட்டை நனைக்காதீர்கள் என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொன்னது அவர்தான். மழையில் ஓடுகிற ஒன்றுக்குக் கட்டுப் போட்டதும் அவர்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, நோட்டை எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யார் யாருக்குச் சொல்லணும், வரிசையா படிங்க."

வாழ்நாள் முழுக்கப் புகார் கேட்டவர் முதல் தடவையாகத் தானே எண்ணைச் சுழற்றினார். "வணக்கம். உங்க காருக்குப் போட்ட கட்டு சம்பந்தமா பேசுறேன். பதறாதீங்க. உடனே வந்து பிரிச்சுக்கணும்."

மூன்று விடுமுறை நாட்களில், முகமூடி போட்டுக்கொண்டு, மாவுக்கட்டு அறுக்கும் ரம்பத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பன்னிரண்டு குழாய்கள் பிழைத்திருந்தன. டாக்டருடையதும் அதில் ஒன்று. ஆறு குழாய்கள் பொடியாகக் கொட்டின. அந்த ஆறு சொந்தக்காரர்களிடமும் அவர் நேரில் நின்று, "என் தப்புதான்" என்றார். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருவர் மட்டும், கட்டுத் துண்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தன் வண்டிக்கு இரண்டாவது புகையாட்டம் வேண்டாமென்று கட்டுக்காரர் புதுக் குழாய் போட்டு, தரைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு தகடு அடித்துக்கொண்டார். ஆய்வாளர் சான்று கொடுத்தார். எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கித் தன் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

பத்தொன்பதாவது ஆள் வாடகைக்கார் ஓட்டுபவர். அவர் மட்டும் பிரிக்க ஒப்பவில்லை. கட்டுப் போட்டதிலிருந்து சத்தமே இல்லாமல் ஓடுகிறதாம், இத்தனை சுகமாக ஓடியதே இல்லையாம். கட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். வேறு வழி தெரியாமல், வாரம் ஒரு நாள் ஸ்டாண்டுக்குப் போய் வண்டிக்கு அடியில் ஊர்ந்து, ஒரு ஸ்பூனால் குழாயைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். வளைவுக்கு வரும்போது மட்டும் இரண்டு தடவை தட்டுவார்.

போன வாரம் ஒரு பயணி பெட்டியோடு வந்து ஏறப் போனவர், நின்றுவிட்டார்.

"என்னங்க, வண்டிக்கு அடியில ரெண்டு கால் தெரியுது?"

ஓட்டுநர் டிக்கியைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தார். "ஆஸ்பத்திரிக்காரருங்க. பார்க்க வந்திருக்கார். நீங்க ஏறி உட்காருங்க, அவர் போகலாம்னு சொன்னதும் கிளம்பிடலாம்."