டீ வேண்டாம் என்று சொன்ன ஐந்து மாதங்கள்

மனநல ஆய்வில் களப்பணி என்பது, முன்பின் தெரியாத வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, "போன ரெண்டு வாரமா மனசு எப்படிங்க இருக்கு?" என்று கேட்கிற உத்தியோகம். கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் என்று வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். உங்களுக்காவது ஆதார் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆபீஸ் பெரம்பலூரில். மனச்சோர்வும் இருமுனைக் கோளாறும் உள்ளவர்களை மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் போய்ப் பார்த்து, பதில்களை எழுதி, ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவிடம் கொடுப்பேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முந்திரி மூட்டை

கல்லங்குறிச்சிப் பக்கம் முருகேசன் என்று ஒரு விவசாயி. இருமுனைக் கோளாறு. சில மாதம் பாயை விட்டு எழ மாட்டார், சில மாதம் தூங்கவே மாட்டார். அன்று நான் கேள்வித்தாளைப் பிரிப்பதற்குள் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையை என் ஸ்கூட்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். ஊருக்கே கொடுக்கப் போகிறாராம். அவிழ்த்து இறக்க அரை மணி நேரம் ஆனது. விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா புது விதி போட்டார்: ஆய்வில் இருப்பவர்கள் வீட்டில் ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாது.

நான் பக்கம் பக்கமாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதை, மூட்டையை இறக்கிவிட்ட அவர் மனைவி அங்கேயே சொல்லிவிட்டார்: "நல்லா இருந்தா இந்த மனுசன் உங்களுக்கு மோர்கூடத் தரமாட்டாருங்க. மாத்திரைய நிறுத்திட்டாருன்னு எழுதிக்கங்க."

மாமியார் நாற்காலி

லெப்பைக்குடிகாட்டில் ஜமீலா. இருபத்தாறு வயது, மனச்சோர்வு. கணவர் துபாயில், வீட்டில் மாமியார் மட்டும். நான் போகும்போதெல்லாம் மாமியார் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "டீ போடட்டுமா?" என்பார். "வேண்டாங்க" என்பேன். பிறகு அவர் முன்னாலேயே கேள்விகளைப் படிப்பேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது கடைசிக் கேள்வி. ஜமீலா மாமியாரைப் பார்ப்பாள். "இல்லக்கா" என்பாள்.

தனியாகப் பேச வேண்டும் என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாமியாருக்குக் கோபமெல்லாம் இல்லை, சிரித்தார்: "எங்கூட்டுல என்னம்மா ஒளிவுமறைவு? நீ கேளு, நானும் கேட்டுக்கறேன்."

நூல் பிடித்த டிக்

ஆய்வில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்போம். தினமும் சாயங்காலம் 'நல்லா இருந்தது', 'சுமார்', 'மோசம்' மூன்றில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். ஐந்து மாதமும் ஜமீலாவின் டிக்குகள் 'நல்லா இருந்தது' வரிசையில் நூல் பிடித்தாற்போல் இறங்கின. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. எனக்கும்தான். ஒருத்தர் தேறிவிட்டார் என்றால் நான் எதையும் சந்தேகப்படுவதில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

அட்டையைக் கொடுக்கும்போது மாமியார் பெருமையாகச் சொன்னதைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை: "தெனமும் வீடியோ கால்ல எம்புள்ள இதக் காட்டச் சொல்லிப் பாப்பான். பாத்துட்டு, மாஷா அல்லாம்பான்."

ஏலக்காய் சத்தம்

ஆறாவது மாதம் போனபோது நல்ல வெயில், எனக்குத் தலை சுற்றியது. மாமியார் வழக்கம்போல் டீ போடட்டுமா என்றார். விதி மறந்துபோய், "குடுங்க" என்றுவிட்டேன். முகமெல்லாம் மலர்ந்து உள்ளே போனார். அந்த நாற்காலி காலியாகி நான் பார்த்தது அன்றுதான்.

"கடைசிக் கேள்விய இப்பக் கேளுங்கக்கா" என்றாள் ஜமீலா. கேட்டேன். "தெனமும் தோணுதுக்கா. அவங்க துபாய்ல தனியாக் கெடந்து பயந்துக்குவாங்கன்னுதான் டிக் போடுறேன்." உள்ளே ஏலக்காய் தட்டும் சத்தம். இந்தப் பதில் வந்தால் கேள்வித்தாளை மூடிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், அதுவரை ஆளைத் தனியாக விடக் கூடாது. கூப்பிட்டேன். ஜமீலாவிடம் கேட்டுக்கொண்டு, டீயோடு வந்த மாமியாரிடமும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு புர்காவை எடுத்து மாட்டினார்.

மூவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மருமகள் கையை அவர் விடவில்லை. "எங்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் எல்லை தாண்டும்போது ஜமீலா சொன்னாள்: "நீங்க அழுவீங்க மாமி."

கோணல்மாணல் அட்டை

மாத்திரையை மாற்றினார்கள். அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டாம் என்று துபாய்க்கு டாக்டரம்மாவே பேசினார். இரண்டு மாதம் கழித்து வந்த அட்டையில் டிக்குகள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஏழு 'மோசம்', நிறைய 'சுமார்', இரண்டே இரண்டு 'நல்லா இருந்தது'. ஒரு மோசமான அட்டையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. கடைசிக் கேள்விக்கு, "இப்ப கம்மிக்கா, வந்தா மாமிகிட்ட சொல்லிடுறேன்" என்றாள்.

இதெல்லாம் மாமியார் எதிரில் நடக்கவில்லை. நான் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே அவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு எழுந்திருந்தார்: "நீங்க பேசிக்கிட்டு இருங்க, நான் டீ போடப் போறேன். மெதுவாத்தான் போடுவேன்."

டாக்டரம்மா டீ விதியை எடுத்துவிட்டார், ஆனால் எந்தெந்தக் கருவிகளைக் கொண்டு மனநிலையை அளந்தோம் என்று ஆய்வறிக்கையில் எழுதும் இடத்தில் ஏலக்காயைச் சேர்க்க மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.