அசல் கிடா

செய்தி வந்தபோது நான் மூணாறு போகும் ஜீப்பின் பக்கத்தில் நின்றிருந்தேன். கௌசல்யா டாக்டருக்கு அனுப்ப வேண்டிய காகிதக் கவர்களைத் துணிப்பையில் கட்டி ஓட்டுநர் பாண்டியிடம் கொடுத்து, "ஈரம் பட்டுறக் கூடாதுடா, முன் சீட்டுல வை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுடைய போன் அடித்தது. பேசி முடித்தவன் பையை எடுத்து மறுபடி என் கையிலேயே வைத்தான்.

"யக்கா, இது போக வேண்டாம். டாக்டரம்மா காலையில கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம். காய்ச்சல் இறங்கவே இல்லையாம்."

ஜீப் கிளம்பிவிட்டது. பையோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் வைத்தேன், எடுத்தேன். அடுக்களையில் வைத்தேன், அங்கிருந்தும் எடுத்தேன். அன்று தொடங்கியது, இன்னும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட நாலு தடவை எழுந்து எழுந்துதான் எழுதுகிறேன்.

அவரோடு படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் ஆராய்ச்சியாளர். வட்டவடையில் எங்களுக்கு அவர் புழுக்கை டாக்டர். கோயமுத்தூரை அடுத்த கோபாலபுரம் பக்கத்துக்காரர். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, வரையாட்டுப் புழுக்கை பொறுக்க எங்கள் மலைக்கு வந்தவர். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கினார். வந்த அன்றே என் மாமியார் கேட்டுவிட்டார்: "ஏம்மா, இம்புட்டுப் படிச்சிருக்க, புழுக்கையில என்னத்தப் பாப்ப?"

"ஆட்டைப் புடிக்காம, ஊசி குத்தாம, அது நோயோட எப்படி மல்லுக்கட்டுதுன்னு பாக்கறதுங்கம்மா. அது போட்டுட்டுப் போறதுலயே அதோட ஒடம்புத் துணுக்கும் ஒட்டிட்டு வருமுங்க."

மாமியார் அவர் கைகளைப் பார்த்தார். "சரி, கையக் கழுவிட்டு அடுக்களைக்கு வா" என்றார்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு சாயங்காலம் விதைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். நோயை அடையாளம் கண்டுகொள்ளும் மரபணுக்கள் காட்டில் ஆட்டுக்கு ஆடு வேறு வேறாக இருக்குமாம். மந்தையில் எந்த வகை அதிகமோ அதை ஏய்க்கக் கிருமி பழகிக்கொள்ளும். அப்போது அபூர்வ வகை உள்ள ஆடு தப்பிக்கும், குட்டி போடும், அந்த வகை பெருகும். பெருகியதும் கிருமி அதற்கும் பழகும். இதற்கு முடிவே இல்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா. செயிச்சவங்கன்னு யாருமில்ல. வேற வேறயா இருக்கறதுதான் பொழப்பு."

எங்கள் ஊருக்கு மேலே பாறையில் ஒரு சிறு மந்தை உண்டு. அதற்கும் அடுத்த மலையிலுள்ள பெரிய மந்தைக்கும் நடுவே இருந்த புல்வெளியை யூக்காலி என்கிற தைல மரங்கள் மூடிவிட்டன. கிடாக்கள் வந்து போவது நின்றது. சிறு மந்தையில் அந்த வேறுபாடு வற்றிக்கொண்டே வருகிறது என்பதுதான் அவர் கண்டது. "உங்க பூண்டாட்டமுங்க்கா. பல்லையே ஊனி ஊனி எல்லாம் ஒண்ணாப் போச்சு. அழுகல் வந்தா ஒரு பாத்தியோட நிக்குமா?"

நிற்காது. நாங்கள் பட்டிருக்கிறோம்.

"அப்ப சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டுக் கெடக்குதுகன்னு சொல்லுங்க. அசல்ல எடுக்கணும்" என்றேன். உறவில்லாத இடத்தில் சம்பந்தம் செய்வதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "அசல். நல்ல வார்த்தைங்க்கா, எனக்குக் குடுத்துருங்க."

"நானும் மாமன் மகனைத்தான் கட்டியிருக்கேன் டாக்டர்" என்றேன்.

"உங்கள ஆட்டோட சேக்கலீங்க. உங்க ஊட்டுக்காரரப் பத்தித்தான் ரோசனை."

திண்டாட்டம் அந்த வார்த்தையால்தான் வந்தது. டீக்கடையில் யாரோ, மேலே மந்தைக்கு என்ன தேவை என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு அசல் கிடா வந்தாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக் கணக்கு எழுதும்போது எனக்கே அசல் என்றால் கடனில் வட்டி போக உள்ள முதல். வியாபாரிக்கு அசல் என்றால் கலப்படமில்லாத சரக்கு. அடுத்த சந்தை நாளில் தேனிப் பக்கத்திலிருந்து ஒருவர் கொழுத்த கறுப்பு வெள்ளாட்டுக் கிடாவோடு வந்து வாசலில் நின்றார். "அசல் கிடா கேட்டீகளாமே. பரம்பரை சுத்தம். கலப்பே கெடையாது."

டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கலப்பில்லாததுதானுங்க இங்க வெனையே" என்றார். கிடாக்காரருக்குச் சோறு போட்டு அனுப்பினோம். கிடா அதற்குள் என் செவ்வந்திச் செடியைத் தின்றுவிட்டது.

சிரிப்போடு முடியவில்லை. கீழே ஊர்களில் ஆடுகளுக்கு வாய்ப்புண் காய்ச்சல் வந்தது. மேய்ச்சலில் அது மேலே ஒட்டினால் அந்த மந்தை ஒரே வீச்சில் போய்விடும் என்று டாக்டர் பயந்தார். வீடு வீடாகப் போய், ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு, "பாறைப் பக்கம் ஓட்டாதீங்க" என்று கெஞ்சினார். எங்கள் தெருவில் சில வீடுகள் ஒத்துக்கொண்டன. நானும் எங்கள் ஆடுகளைக் கொட்டகையில் கட்டிப் போட்டுப் புல் அறுத்துப் போட ஆரம்பித்தேன்.

மழைக்காலத்தில்தான் நிஜமான அசல் கிடா வந்தது. வலது கொம்பு நுனி உடைந்த, முதுகு வெளுத்த பெரிய கிடா. எங்கள் பாறை மந்தையில் அப்படி ஒன்று இல்லை. டாக்டர் தூரக்கண்ணாடியை என் கையில் திணித்தார்.

"முருகன் அனுப்பிட்டான்" என்றேன்.

"அடுத்த மலையில பெரிய கிடா முட்டித் தொரத்தியிருக்குமுங்க்கா. யூக்காலிக்குள்ள பூந்து வந்திருக்குது."

"அதை முட்டச் சொன்னது யாரு?"

"அத உங்ககிட்டயே விட்டர்றேன்" என்றார்.

அன்று நான் இன்னொன்றும் கேட்டேன். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று தேர்ந்தெடுப்பது யார்? "யாருமில்லீங்க. ஒரு ஆடு நிக்குதுன்னா, அதுக்குப் பின்னால நிக்க முடியாமப் போன ஆடெல்லாம் இருக்குது. அவ்வளவுதான்." அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் அது குறுக்கே வந்தது. பிழைத்ததற்கு நன்றி சொல்கிறோம். போனவற்றுக்கு யாரிடம் என்ன சொல்வது? இப்போது அவரே போய்விட்ட பிறகு அந்தக் கேள்வி இன்னும் சத்தமாகக் கேட்கிறது.

அந்த மழையில் புழுக்கைக் கவர்கள் பூசணம் பிடித்தன. வீட்டில் ஈரம் ஏறாத இடம் பூஜை அலமாரி ஒன்றுதான். மேல்தட்டைத் துடைத்துக் கவர்களை அங்கே அடுக்கினேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டருக்கே சங்கடம். "சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"படைச்சவனுக்குத் தெரியாத புழுக்கையா?" என்றேன். அதற்குப் பிறகு அவரும் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

குட்டி போடும் பருவத்தில் அவர் கோயமுத்தூரில் காய்ச்சலோடு படுத்திருந்தார். நானும் காட்டு வாட்சரும் மேலே போனோம். தாய்களோடு புதுக்குட்டிகள் பாறையில் தாவிக்கொண்டிருந்தன. போனில் சொன்னேன். குரல் மெலிந்திருந்தது. "குட்டிக போட்டதத் தனியாப் பொறுக்கி அனுப்புங்க்கா. நம்ம அசல் ஆளு அப்பனாயிருக்கானா, அவன் கொண்டாந்தது குட்டிகளுக்கு எறங்கியிருக்குதா, பாத்தறோணும்." நான் பொறுக்கினேன். மிளகளவு இருக்கும். அவற்றைத்தான் பாண்டி என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

காரியம் முடிந்த வாரமே என் நாத்தனார் வந்தாள். "டாக்டரம்மாவே போய்ட்டாக. இனி யாருக்காக மதினி புல்லு அறுத்துச் சாகுறீக? எங்க ஆட்டை நாளைக்கு மேல ஓட்டப் போறோம்."

"குட்டிகளோட சோதனை முடிவு தெரியட்டும்டி."

"யாரு வந்து சொல்லப் போறா?"

"தெரியிற வரைக்கும் உன் ஆட்டுக்கும் சேத்து நானே அறுக்கேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆட்டை அவிழ்க்கவில்லை. ஆனால் தினமும் கேட்கிறாள். தெருவும் கேட்கிறது. என் அரிவாள் எத்தனை நாளைக்கு ஊரைப் பிடித்து நிறுத்தும் என்று தெரியவில்லை.

அவருடைய தொப்பி, மழைக்கோட்டு எல்லாவற்றையும் அவர் அண்ணன் வந்து எடுத்துப் போனார். என்னிடம் இருப்பது அசல் என்ற அந்த ஒரு வார்த்தையும், விளக்கு முன்னால் தீராத அந்தக் கேள்வியும், முருகனுக்கு மேல்தட்டில் இருக்கும் கவர்களும். ஒவ்வொன்றிலும் நாள், இடம், தாயின் அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஈரம் படவில்லை. முதல் இரண்டும் என்னோடு இருக்கட்டும். கவர்கள் எனக்குரியவை அல்ல. உங்களில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் வந்து வாங்கிப் போங்கள்.

மூணாறிலிருந்து ஜீப் இருக்கிறது. புழுக்கை டாக்டர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். கையைக் கழுவிவிட்டு அடுக்களைக்கு வந்துவிடலாம்.