மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தட்டு

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி பார்ப்பது என் வேலை. மூன்றாம் மாடிக்காரர் தினமும் காலையில் மொட்டை மாடிக்கு வருவார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. கைப்பிடிச் சுவரில் ஒரு வெள்ளைத் தட்டு வைத்திருந்தார். அதை விரலால் தேய்த்து, ஒட்டிய கரியைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

அவர் மனைவிக்கு மூச்சுக் கோளாறு. மழை பெய்து காற்றைக் கழுவினால்தான் அந்த அம்மாவால் படுத்துத் தூங்க முடியும். அந்த ஜூனில் மேகம் வந்து வந்து போனது.

எனக்குப் பேசக் கூச்சம். ஒரு நாள் மட்டும் கேட்டேன். "இவ்வளவு கருத்துக் கெடக்கு, ஏன் சார் பெய்ய மாட்டேங்கு?"

"தூசி இல்லேன்னா மழைத்துளியே உண்டாகாதுப்பா. ஆனா இத்தனை புகை இருந்தா, இருக்கற தண்ணி ஒவ்வொரு தூசியிலயும் பொடிப்பொடியா ஒட்டிக்கறது. எதுக்கும் கீழே விழற கனம் வரதில்லை."

"அப்ப அந்தத் தண்ணி எங்க சார் போவும்?"

"மேலே போனது எங்கேயாவது கீழே வந்துதான் ஆகணும். நம்ம குழாய்த் தண்ணி மாதிரிதான், எப்போன்னுதான் தெரியாது" என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அதுவரைக்கும் இவ தாங்கணுமே."

அந்த அம்மா இறந்த மூன்றாம் நாள் மழை கொட்டியது. மேலே ஓடினேன். அவர் குடையில்லாமல் நின்றிருந்தார். தட்டில் நிறைந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது.

"மழ வந்துட்டு சார்" என்றேன்.

"ஆமாப்பா, மேலே போன தண்ணி வந்துடுத்து" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன்பின் அவர் மாடிக்கு வரவில்லை. தட்டை நான்தான் தினமும் துடைத்து வைக்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.